ஊசி ரூம் கதவும் அஞ்சுக்கு அஞ்சும்

குழந்தைக்குக் காய்ச்சல் நூற்று மூன்றில் நிற்கும்போது, அதன் அம்மாவிடம் போய், "நர்ஸ் உங்களிடம் மரியாதையாகப் பேசினாரா, ஐந்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள்?" என்று கேட்பதுதான் என் தொழில். கேட்டுவிட்டு அடி வாங்காமல் திரும்பி வருவது தொழில் திறமை.

சிரிக்காதீர்கள். நீங்களும் என் கட்சிதான். ஆட்டோவிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருப்பீர்கள், அதற்குள் போனில் நட்சத்திரம் கேட்கிறான். இட்லி பார்சல் வந்தால் நட்சத்திரம். பாங்கில் கால் கடுக்க நிற்க வைத்துவிட்டு, "உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?" என்று ஒரு மெசேஜ். நீங்களும் மனசுக்குள் திட்டிக்கொண்டே ஐந்தை அமுக்கிவிட்டுப் போகிறீர்கள், எதுக்கு வம்பு என்று. அந்த "எதுக்கு வம்பு" என்னை ஒரு மாதம் படாதபாடு படுத்தியது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் வீடு போலாரத்தில். எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூரிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. அதனால் என் வாயில் தமிழோடு, வேண்டாமுக்கு நக்கோ, ஆமாமுக்கு ஹவ், ஏனுக்குக் கைக்கு என்று இந்த ஊர் உருதும் சேர்ந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு சைனிக்புரியில் வீடு வீடாகப் போய்ச் சோப்புத் தூளுக்கு மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு மார்க் வாங்குகிறேன். சோப்புத் தூள் திருப்பி முறைக்காது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

எங்கள் வார்டில் ஒரு சின்ன அறை உண்டு. பலகையில் என்னவோ பெயர் எழுதியிருக்கிறது, அம்மாக்கள் வைத்த பெயர் ஊசி ரூம். குழந்தையின் கையில் நரம்பு தேடி, டிரிப்ஸ் ஏற்றும் குழாயைச் செருகுவார்கள். அதற்கு லைன் போடுவது என்று பெயர். பழைய சட்டப்படி குழந்தை உள்ளே, பெற்றோர் வெளியே, கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே பிள்ளை அலறுவதைக் கேட்டுக்கொண்டு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வார்டு இன்சார்ஜ் லிஸ்ஸி சிஸ்டர் கோட்டயத்துக்காரர். மேலிடத்தில் விடாமல் மல்லுக்கட்டி ஒரு மாதத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினார். அந்த மாதம் அம்மாவோ அப்பாவோ உள்ளே கூட நிற்கலாம். ஆஸ்பத்திரியின் தரம் பார்க்கும் மேனேஜர் ஸ்ரீதர் சார் ஒரு நிபந்தனை போட்டார். கதவு சாத்தியிருக்கும்போது பெற்றோர் என்ன மார்க் தருகிறார்கள், திறந்தபிறகு என்ன தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மார்க் ஏறினால் கதவு திறந்தே இருக்கும். ஏறாவிட்டால் அடுத்த முதல் தேதியிலிருந்து பழையபடி சாத்தப்படும். மார்க் வாங்க வேண்டியது அடியேன்.

ஊசி யார் கையில்?

கதவு திறப்பதற்கு முந்தைய மாதம். ஜமீல் பாய் மல்காஜ்கிரியில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய சின்னப் பையனை உள்ளே தூக்கிப் போனார்கள். கதவு சாத்தியதும் மனுஷர் அதைத் தட்டினார். பிறகு குத்தினார். பிறகு நெற்றியை அதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே பையன் "அப்பா, அப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

கொஞ்ச நேரம் கழித்து, பையன் கையில் அட்டை கட்டித் தூங்கிய பிறகு, நான் மார்க் பதிகிற டேப் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். "குழந்தைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று உங்களிடம் சொன்னார்களா?" "அஞ்சு." "உங்கள் குழந்தையைப் பற்றி உங்களைக் கேட்டார்களா?" "அஞ்சு." "குழந்தையோடு இருக்க விட்டார்களா?" "அஞ்சு." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கைக்கு பாய்? இப்பத்தான் கதவை உடைக்கிற மாதிரி குத்தினீங்க, இப்ப எதுக்கு அஞ்சு?" என்று கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்தார். நர்ஸ் யாரும் பக்கத்தில் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம், மார்க்கு என் கையில, ஊசி அவங்க கையில. எது குத்தினா ஜாஸ்தி வலிக்கும்னு நீங்களே சொல்லுங்க."

இடது கை வேண்டாம்

கதவு திறந்த முதல் நாளே மித்ரா வந்து சேர்ந்தாள். ஒன்றாம் வகுப்பு. கால் எலும்பில் கிருமி. வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மாதம் முடிந்து அடுத்த மாதமும் இழுக்கும் என்றார். லைன் என்பது இரண்டு மூன்று நாளில் வீங்கிப் போகும். எடுத்துவிட்டு வேறு இடத்தில் குத்த வேண்டும். அதாவது, மித்ராவுக்கு ஊசி ரூம் என்பது பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது.

அவள் அம்மா ஜெயந்தி திருநெல்வேலிப் பக்கம். புருஷனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அதற்காக இங்கே வந்தவர்கள். சத்தமே வராத பெண். அம்மா தமிழில் கேட்டால் மகள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். எல்லாம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கைங்கரியம். லிஸ்ஸி சிஸ்டர் லைன் போடுவதற்கு முன்னால் ஜெயந்தியை உள்ளே கூப்பிட்டு, "மோளை எப்படிப் பிடிச்சா அவளுக்குப் பயம் வராது? நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். ஜெயந்தி திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள், இதற்கெல்லாமா நம்மைக் கேட்பார்கள் என்கிற மாதிரி. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இடது கை வேண்டாம் சிஸ்டர், அதுலதான் அவ படம் வரைவா. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணாதீங்க, பயந்துருவா. வலிக்காதுன்னு பொய்யும் அவட்ட சொல்லாதீங்க."

முதல் தடவை நரம்பு வழுக்கிவிட்டது. மித்ராவின் முகம் சிவந்து உதடு கோணியது. நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஜெயந்தி மகளின் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு நகரவே இல்லை. "வலிக்கும்டா. நான் எங்கயும் போகல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டாவது தடவை லைன் விழுந்தது. பிள்ளை அழுதாள்தான், கத்தவில்லை. அம்மாவின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, போகாதே என்று தெலுங்கில் கெஞ்சினாள்: "அம்மா, நுவ்வு வெள்ளொத்து."

அபிப்பிராயம்

நடுவில் ஒன்று சிரிக்கச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். திருமுல்கேரியிலிருந்து ஒரு தமிழ்த் தம்பதி. மகனுக்கு வாந்தி பேதி. நான் அந்த அம்மாவைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறேன், பதில் மட்டும் வீட்டுக்காரர் வாயிலிருந்து வருகிறது. "சார், அம்மா சொல்லட்டும்" என்றால், "அவளுக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்கிறார். எத்தனை நாள் பையன் பக்கத்தில் படுத்துத் தூங்கினீர்கள் சார் என்று கேட்க நாக்கு துடித்தது. வேலை போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

கடைசியாக, "குழந்தையின் சிகிச்சையில் உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டார்களா?" என்றேன். வழக்கம்போல வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அந்த அம்மா கையை உயர்த்தி, ஸ்கூல் பிரேயரில் சத்தத்தை அடக்குகிற மாதிரி அவரை அடக்கினார். அப்புறம் என்னிடம் திரும்பிச் சொன்னார்: "அஞ்சு போடுங்க மேடம். கல்யாணமான நாள்லேருந்து வீட்டுல யாரும் கேக்காததை, இந்த சிஸ்டர் வந்த அன்னிக்கே கேட்டாங்க."

நடுங்கிய கை

எல்லாரும் கதவைத் திறந்ததும் ஆஹா ஓஹோ என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ரேணுகா என்று ஒரு நர்ஸ். வரங்கல் பெண், கல்யாணமாகாதவள், நல்ல வேலைக்காரி. அவள் கைக்கு நரம்பு தப்பாது என்று வார்டில் பெயர். கதவு சாத்தியிருந்த வரையில் அப்படித்தான்.

அன்றைக்கு ஒரு கைக்குழந்தை. அப்பா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கையில் போன் வேறு, வீடியோ எடுக்கிறாரா என்னவோ. ரேணுகாவுக்கு நரம்பு கிடைக்கவில்லை. இன்னொரு முறை, அதுவும் இல்லை. "வேலை தெரியாதவங்களை எல்லாம் எங்க குழந்தை மேல விடறீங்களா?" என்று அந்த மனுஷர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. லிஸ்ஸி சிஸ்டர் ஓடிவந்து முடித்துக் கொடுத்தார். ரேணுகா மருந்து அலமாரிப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று பக்கத்தில் போனேன். சடாரென்று திரும்பினாள். "மார்க் வாங்க வந்துட்டீங்களா?" என்றாள். இல்லம்மா என்றேன். மித்ராவின் அம்மா உள்ளே நின்றால் எவ்வளவு நல்லது என்று ஏதோ ஆரம்பித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அவங்க நிக்கட்டும், எனக்கு மார்க்கும் போடட்டும். பெத்தவங்க கண்ணெதிர்ல கை நடுங்காம எப்படிக் குத்தறதுன்னு எனக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க, மேடம்?"

ஏறாத கோடு

மாதம் முடியப் போகிறது. ஸ்ரீதர் சார் என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கெட்ட மனுஷர் இல்லை. காலையில் வந்ததும் வாட்ச்மேனைக்கூட, சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்தான். ஆனால் அவருக்குக் கோடுதான் பேசும். திரையில் இரண்டு கோடு. ஒன்று கதவு சாத்தியிருந்த மாதம், இன்னொன்று திறந்த மாதம். இரண்டும் உச்சியில் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன. முந்தைய மாதம் ஜமீல் பாயிலிருந்து எல்லாரும் பயத்தில் ஐந்து போட்டிருக்கிறார்கள். இந்த மாதம் அநேகமாக எல்லாரும் சந்தோஷத்தில் ஐந்து போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றுதானே.

"சார், அந்த மாசம் போட்டது பொய் அஞ்சு" என்றேன். "எந்த அஞ்சு பொய், எந்த அஞ்சு நிஜம்னு நான் எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?" என்றார். அஞ்சுக்கு மேல ஏற இடமே இல்லையே சார் என்று கெஞ்சினேன். மித்ராவைப் பற்றிச் சொன்னேன். இன்னும் எத்தனையோ லைன் பாக்கி இருக்கிறது, அந்தப் பிள்ளையை மறுபடி தனியாக உள்ளே அனுப்பாதீர்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். பிறகு சொன்னார்: "முன்னாடியும் எல்லாரும் சந்தோஷமாத்தான் இருந்திருக்காங்கன்னு நீங்க வாங்கின மார்க்கே சொல்லுது. அப்ப கதவை எதுக்குத் திறக்கணும்னு மேலே கேப்பாங்க, நான் என்ன சொல்லட்டும்?"

தங்கச்சி கேட்டா

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சோப்புத் தூள் ஞாபகம் வந்தது. சைனிக்புரி அம்மாக்கள் ரொம்ப மரியாதைக்காரர்கள். எந்தச் சோப்பைக் காட்டினாலும், நல்லா இருக்கும்மா என்பார்கள், காபியும் கொடுப்பார்கள். நிஜத்தைக் கறக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். "உங்க தங்கச்சி கேட்டா இதை வாங்கச் சொல்வீங்களா?" என்பேன். அவ்வளவுதான். "ஐயோ, அவளுக்கு வேண்டாம், கை எரியும்" என்று உண்மை வந்து விழும். தனக்கென்றால் பொறுத்துக்கொள்கிறவர்கள் தங்கச்சிக்கென்றால் பொறுக்க மாட்டார்கள். இது ஏன் எனக்கு முன்னாலேயே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாளே ஜமீல் பாய் பையனை மறுபரிசோதனைக்குக் கூட்டிவந்தார். பையன் கையில் அட்டை இல்லை, குழாய் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டு வரை பின்னாலேயே போனேன். கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். "பாய், நாளைக்கு உங்க தங்கச்சி குழந்தையை இங்கே சேர்க்கப் போறாங்க. போன் பண்ணிக் கேக்கறாங்க. என்ன சொல்வீங்க?" என்றேன். அவர் பையனை சீட்டில் உட்கார வைத்தார். அந்த ஐந்துகளை எல்லாம் வாபஸ் வாங்கிவிட்டு ஒன்று போடச் சொன்னார். பிறகு சொன்னார்: "ஹவ், மருந்து நல்லா குடுக்கறாங்க, சேருன்னு சொல்வேன். ஆனா அந்த ரூம் கதவு சாத்தறதுக்கு முன்னாடி உன் செருப்பை நடுவுல வச்சிரு, விடாதேன்னும் சொல்வேன்."

முதல் தேதி

ஜமீல் பாயின் ஒன்று செல்லவில்லை. வார்டில் இருக்கும்போது, நடந்த அன்றே கேட்ட மார்க்தான் கணக்கில் சேரும், வீட்டுக்குப் போய் யோசித்துச் சொன்னது சேராது என்று ஸ்ரீதர் சார் கையை விரித்துவிட்டார். முதல் தேதி காலையில் மேலே மீட்டிங். அதில் தீர்மானமாகும்வரை பழைய சட்டம். ஊசி ரூம் கதவில் "பெற்றோர் வெளியே காத்திருக்கவும்" என்று மூன்று பாஷையில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். லிஸ்ஸி சிஸ்டர் வாதாட மேலே போனார். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். என்னிடம் இருந்ததோ வெறும் ஐந்துகள்.

சனியன், அன்றைக்கென்று மித்ராவின் லைன் வீங்கிவிட்டது. மருந்து நேரம். தள்ளிப்போட முடியாது. ரேணுகாதான் டியூட்டி. காகிதத்தைப் பார்த்தாள், ஜெயந்தியைப் பார்த்தாள், பிள்ளையைத் தூக்கினாள். மித்ரா அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்திருந்தாள். ஜெயந்திதான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். கதவு சாத்தியது.

முதலில் சத்தமே இல்லை. அப்புறம் ஆரம்பித்தது. ஒரு மாதமாக நாங்கள் யாருமே கேட்காத சத்தம். "அம்மா, நுவ்வு ரா! அம்மா!" அம்மாவை வரச் சொல்லித்தான் அலறல். ஜெயந்தி சுவரில் சாய்ந்து வாயில் துணியை அடைத்துக்கொண்டாள். வார்டில் மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். நான் டேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அந்த நேரத்தில் அது கையில் இருந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வேலையை விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது.

அப்போது பார்த்து ஸ்ரீதர் சார் படியிறங்கி வந்தார். "மேடம், மேலே ஆரம்பிச்சாச்சு. புதுசா ஏதாவது மார்க்" என்று தொடங்கியவர், அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றார். கோடுகளை மட்டும் பார்த்த மனுஷர், கதவுக்கு வெளியே ஒரு நாளும் நின்றதில்லை.

ஜெயந்தி வாயிலிருந்து துணியை எடுத்தாள். "அக்கா, கேளுங்க" என்றாள்.

"நக்கோ ஜெயந்தி, இப்ப வேண்டாம்" என்றேன்.

"கேளுங்கன்னு சொல்லுதேம்லா!" என்று கத்தினாள். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டோம். கதவைச் சாத்தினால் என்ன மார்க் போடுவாய் என்று முந்தின நாள் தங்கச்சிக் கேள்வியைக்கூட அவளிடம் போட்டுப் பார்த்தேன். "இன்னும் எத்தனை ஊசி பாக்கி இருக்குக்கா, நான் எப்படிக் குறைச்சுப் போடுவேன்" என்று அழுதவள் அவள்.

கேட்டேன். "என்ன செய்யப் போறாங்கன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. அதுக்கு அஞ்சு போடுங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"மரியாதையா நடந்துகிட்டாங்களா?"

"அஞ்சு. ரேணுகா சிஸ்டர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல."

"குழந்தையைப் பத்தி உங்களைக் கேட்டாங்களா?"

"இன்னிக்கு யாரும் கேக்கல. ஒண்ணு."

"குழந்தையோடு இருக்க விட்டாங்களா?"

உள்ளே மித்ரா மறுபடி அலறினாள். "ஒண்ணுக்குக் கீழ ஒண்ணும் இல்லையாக்கா?" என்றாள் ஜெயந்தி. இல்லை என்றேன். "அப்ப ஒண்ணு" என்றாள். நான் அமுக்கினேன். இத்தனை நாளில் நான் வார்டுக்குள் வாங்கிய முதல் ஒன்றுகள், இந்த இரண்டும். ஸ்ரீதர் சார் என் தோளுக்கு மேலாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது கதவு உள்ளேயிருந்து திறந்தது. ரேணுகா நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. "மித்ராம்மா, வாங்க. நீங்க பிடிச்சாத்தான் அவ கை நிக்கும். கை நின்னாத்தான் எனக்கு நரம்பு" என்றாள். ஜெயந்தி எங்களை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பழக்கதோஷம் போலிருக்கிறது, ஸ்ரீதர் சார் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, "சிஸ்டர், இன்னிக்கு முதல் தேதி" என்றார்.

சில வாரம் முன்னால் பெற்றவர்கள் கண்ணெதிரே கை நடுங்கி அழுத பெண் அவள். அவரை நேராகப் பார்த்தாள். கதவைச் சாத்தாமலே உள்ளே திரும்பிப் போய்க்கொண்டு சொன்னாள்: "எனக்கு மார்க் குறைச்சுக்கோங்க, சார்."

அந்தக் காகிதத்தை யார் கிழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, மேலே மீட்டிங் முடிந்த நேரம் நான் போய்ப் பார்த்தபோது கதவில் பசை மட்டும்தான் இருந்தது. ஸ்ரீதர் சார் ஜெயந்தியின் இரண்டு ஒன்றுகளையும் மேலே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். உச்சியில் படுத்திருந்த கோடு அன்றைக்குத் தொபுக்கென்று விழுந்ததைப் பார்த்த பிறகுதான் கதவு அடைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் புரிந்ததாம். கதவு இப்போது திறந்திருக்கிறது. பெற்றோர் எதிரில் லைன் போடப் புது நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ரேணுகாதான். மருந்து முடிந்ததும் மித்ரா, இடது கையால் வரைந்த ஒரு படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

எனவே என்னைப் போலவே நட்சத்திரத்தால் அடிபட்டவர்களே, அடுத்த தடவை எதுக்கு வம்பு என்று ஐந்தை அமுக்கப் போகும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள், ஐந்துகளை மூட்டை மூட்டையாகச் சுமந்து திரிந்த எனக்கு உருப்படியாக உதவியது அந்த இரண்டு ஒன்றுதான்.